அடுப்புக் கணக்கு

கொழும்பின் நடுவில் உட்கார்ந்திருந்தாலும்
என் அலுவலகப் பலகையில் கிராம அலுவலர் என்றுதான் எழுதியிருக்கிறது.
என் கிராமத்தில் வயல் இல்லை.
ஒரு கால்வாய், ஒரு தண்டவாளம்,
மூடிக்கிடக்கும் சவர்க்காரக் கம்பனி,
பிறகு செபமாலைத் தோட்டம்.
தோட்டத்தில் மரம் என்று நின்றது ஒரு முருங்கை,
அதுவும் ஒருவர் வீட்டுச் சுவருக்குள்.

பதினான்காம் இலக்கம் ஆதியில் ஒரே வீடு.
அப்புறம் 14/1. அப்புறம் 14/1ஏ.
14/1ஏ/2 என்பது ஒரு கல்யாணம்.
14/1ஏ/2 மேல்மாடி என்பது, தகரமும் பலகையுமாக, இன்னொன்று.
சாய்ந்த கோடுகளை எண்ணினாலே
எத்தனை மருமகள்கள் வந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

சட்டம் எளியது:
ஓர் அடுப்பில் உண்பவர்கள் ஒரு குடித்தனம்.
இரண்டாயிரத்தொன்றில் அந்த மேல்மாடிக்கு ஏறினேன்.
எட்டுக்கு எட்டு அறை, நடுவே பழஞ்சேலைத் திரை,
திரைக்கு இந்தப் பக்கம் அண்ணன் பெண்சாதி ரொசலின்,
அந்தப் பக்கம் தம்பி பெண்சாதி எமல்டா.
பக்கத்துக்கொரு மண்ணெண்ணெய் அடுப்பு.
"ஒண்டா எழுதவா?"
இருவரும் ஒரே மூச்சில், "ரெண்டு."
அந்த வருடம் அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

எனக்கு முன்னிருந்தவர் விட்டுப்போன நிரலில்
எண்பத்தொன்று ஊதா மையில் இருக்கிறது.
தோட்டம் முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
தொண்ணூற்றொன்றில் எவரும் எண்ணவில்லை.
அந்தப் பக்கம் வெறுமையாய் இல்லை,
அந்தப் பக்கமே இல்லை.
நான் கூட்டியபோது வந்தது இருநூற்றுப் பதினொன்று.
மேலதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டு
"நிலையான சனத்தொகை" என்றார்.

ஒரு மத்தியானம்
இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்தது.
ஒன்பதாம் இலக்கத்தில் ஞானதீபம், மனைவி, ஐந்து பிள்ளைகள் இருந்த இடத்தில்
வேறு ஏழு பேர்.
பதினொன்றில் வேறு நால்வர்.
இரண்டிலும் இருந்த பெயர்கள் முப்பத்தாறு.
மற்றவர்கள் எங்கே என்று கேட்கப்
படிவத்தில் கட்டம் இல்லை.
கூட்டுத்தொகை சரி.
கூட்டுத்தொகை எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

பிறகு கடிதம் வந்தது, லொறி வந்தது.
முருங்கையை யாரோ வேரோடு கேட்டு வாங்கிப் போனார்.
ரொசலினுக்கு அடுக்குமாடியில் நான்காம் தட்டு,
எமல்டாவுக்குப் பதினொன்று.
மின்தூக்கி நிற்கிற நாளெல்லாம்
எமல்டா நான்காம் தட்டோடு நின்று
அங்கேயே சாப்பிட்டுக் கொள்கிறாளாம்.
மின்தூக்கி பெரும்பாலும் நிற்கிறது.
ஆனால் அது என் பிரிவு அல்ல,
வேறொருவர் எழுதுவார்.

இம்முறை கையில் காகிதம் இல்லை, ஒரு டெப்லட்.
செபமாலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு மாடி,
இருநூற்று நாற்பது வீட்டலகு.
ஒவ்வொன்றிலும் கறுப்புக் கல் மேடை,
மேல்தாள் உரிக்காத அடுப்பு.
பூட்டு. பூட்டு. பூட்டு.
உரிமையாளர் மெல்பேர்ன். உரிமையாளர் தெரியாது.
வெறுமை, வெறுமை என்று தட்டித் தட்டி
விரல் மரத்துக் கீழே இறங்கினேன்.

வாசல் காவல் அறையில் அடைக்கலம்,
ஊர் லுணுகலை.
"ராத்திரி இங்கதானா படுக்கை?"
"ஆமாங்க சேர். ஆனா வீட்டுல என்னையும் சேத்து எழுதிட்டாங்களாமே,
ரெண்டு தடவ எழுதலாமுங்களா?"
"சமையல்?"
"பார்சல்தான்." கொஞ்சம் வெட்கப்பட்டு
மேசைக்கடியிலிருந்து கரண்ட் கேத்தலை எடுத்தார்.
"இதுல முட்டை அவிப்பேன்."

அடுப்பு உண்டா என்று திரை கேட்டு நின்றது.
உண்டு, இல்லை.
நான் எதையும் தொடவில்லை.
கேத்தல் மூடி தடதடத்தது.
எட்டிப் பார்த்தேன்:
இரண்டு முட்டை போட்டிருந்தார்.